சட்டப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு டைனோசர்

மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தை எட்டிப் பார்த்தால், வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளும் சுவரில் சாய்த்த சைக்கிள்களும் உள்ளே பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் தெரிவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளே நடக்கிற கூத்து இருக்கிறதே, அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அங்கே மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. இவ்வளவு சந்தோஷமான ரகசியங்களை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது!

முதலில் எங்கள் பை. கவிழ்த்துக் கொட்டினால் விழுபவை: தென்னை ஈர்க்குச்சிக் கட்டுகள், இரண்டு சிலேட்டு, ஒரு டப்பா நிறைய ரப்பர் பேண்ட், முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஒரு பிடி சாக்பீஸ், வீட்டில் படித்து முடித்த நாளிதழ்கள். நூலகத்து நாளிதழ்களில் கை வைக்கக் கூடாது. அவை கணக்கில் உள்ளவை. ஒரு தாள் குறைந்தாலும் நூலகர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் நாங்களே கொண்டு போகிறோம்.

நாளிதழ் எதற்கு? எழுத்து வேட்டைக்கு. தன் பெயருக்குத் தேவையான எழுத்துகளைத் தலைப்புச் செய்திகளிலிருந்து தேடி வெட்டி ஒட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குட்டிகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தேடுவார்கள். ‘க’வும் ‘மு’வும் எல்லாப் பக்கத்திலும் கிடைக்கும். பெயரில் ‘ழ’ இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் திண்டாட்டம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் அவர்களை அசைக்க முடியாது. முதல் பக்கம் முழுக்க மழை, கனமழை, மிக கனமழை! மற்ற பிள்ளைகள் ‘ழ’ கடன் கேட்டு வரிசையில் நிற்பார்கள்.

விளையாட்டு முடிந்ததும் வாசிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவர்களுக்கு இதன் பரபரப்பு தெரியாது. எங்கள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்து பன்னிரண்டும் சொல்வான், மெய்யெழுத்து பதினெட்டும் சொல்வான். க, கா, கி, கீ வரிசையை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஆனால் ‘கொக்கு’ என்ற சொல்லுக்கு முன்னால் சிலையாக நின்றுவிட்டான். ஏன் தெரியுமா? இடப்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறவன் கண்ணில் முதலில் படுவது கொம்பு. அது தனியாக ஒலிக்காது. அதற்கடுத்து ‘க’. அதற்கும் அடுத்து ஒரு கால். மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் ‘கொ’ என்று வாய் திறக்க முடியும். பெரியவர்களான நமக்கு இது ஒரு நொடியில் நடந்துவிடுவதால் இதில் இத்தனை வேலை இருப்பதே நினைவில் இல்லை.

அவனுக்கு நான் ஒரு அட்டைத் துண்டைக் கொடுத்தேன். எழுத்தை மூடி, இடமிருந்து மெல்ல நகர்த்த வேண்டும்.

“கொம்பு வந்தா நில்லுடா கண்ணா. பின்னாடி யாரு வர்றாங்கன்னு பாரு.”

“க வருதுக்கா.”

“அப்புறம்?”

“கால் வருது.” அட்டை நின்றது. உதடு குவிந்தது. “கொ… கொக்… கொக்கு! அக்கா, கொக்கு!”

பாயில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நூலகரே மேசையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். பிறகு அந்தப் பையன் சுவரொட்டி, பேருந்துப் பலகை, பிஸ்கட் உறை என்று எதையும் விடவில்லையாம். “தெருவுல நடக்கவே விடமாட்டேங்கிறான், போர்டெல்லாம் படிச்சுக்கிட்டே வர்றான்” என்று அவன் அம்மா வந்து சொன்னபோது எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

சொல்லிக் கொடுப்பவர்களுக்கு இங்கே ஒரு சட்டம் உண்டு. பிள்ளை தடுமாறினால் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பத்து என்பது எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்! ஆனால் ஆறிலோ ஏழிலோ பிள்ளையே கண்டுபிடித்துவிடும். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்தச் சொல் நம்முடையதாகிவிடும். அவனே கண்டுபிடித்தால் அது அவனுடையது.

இப்போது உள் அறைக்கு வாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலிருந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் அறை அது. குரூப் 4, குரூப் 2 என்று ஆளாளுக்கு ஒரு தேர்வு. அவர்களுக்கு ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. எங்கள் பிள்ளைகளோ ‘கொக்கு’ படித்ததற்கே ஊரைக் கூட்டுகிறவர்கள். ஆரம்பத்தில் உரசல் இல்லாமல் இருக்குமா? “அக்கா, கொஞ்சம் மெதுவா…” என்று ஒரு தங்கை தினமும் வந்து கேட்பாள். பாவமாக இருக்கும். சத்தமான விளையாட்டெல்லாம் வராந்தாவில், வாசிப்பும் கணக்கும் மட்டும் உள்ளே என்று பேசி முடிவு செய்தோம்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் முதலில் கையில் எடுப்பது எது? ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளிப் பாடநூல்களைத்தான். ஒரு நாள் எங்கள் ஆறாம் வகுப்புக்காரி தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் உள் அறை மேசையைப் பார்த்துவிட்டாள். அவளுடைய சமூக அறிவியல் புத்தகமே அங்கே கிடக்கிறது! அடிக்கோடிட்டு, ஓரமெல்லாம் குறிப்பெழுதி, ஒட்டுச்சீட்டுகள் தொங்க.

“அண்ணா, நீங்களும் ஆறாவதா?”

அவர் சிரித்துவிட்டார். “ஆமா பாப்பா, மறுபடியும் படிக்கிறேன்.”

“அப்படின்னா சொல்லுங்க. பெருங்குளம் எந்த ஊர்ல கண்டுபிடிச்சாங்க?”

“மொகஞ்சதாரோ.”

“கரெக்ட்!” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் பக்கம் புரட்டினாள்.

அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் கேள்வி நேரம். சின்னவர்கள் கேட்பார்கள், பெரியவர்கள் பதில் சொல்வார்கள். பிறகு இடம் மாறும். கேள்வி தயாரிக்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் பாடத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டு வருகிறார்கள். வேலைக்காக வருடக்கணக்கில் தனியாக உட்கார்ந்து படிக்கும் அந்த இளைஞர்கள் முகத்தில், பதில் சரியாக வந்ததும் ஒரு வெளிச்சம் தெரியும் பாருங்கள்! மெதுவாகப் பேசச் சொல்லி வந்துகொண்டிருந்த அதே தங்கைதான் இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறாள். அவளுடைய சிரிப்புச் சத்தம்தான் இப்போது உள் அறையில் அதிகம்.

சரி, தலைப்பில் சொன்ன டைனோசருக்கு வருகிறேன். நூலகத்துக்கு வரும் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற ஒரு களவு உண்டு. பிடித்த புத்தகத்தை வேறு யாரும் எடுத்துப் போய்விடாதபடி, யாரும் தொடாத அலமாரியில் ஒளித்து வைப்பது. எங்கள் நூலகத்தில் சட்ட நூல்கள் இருக்கும் வரிசைக்குப் பின்னால் கையை விட்டால் ஒரு டைனோசர் புத்தகம் வரும். மூலிகை மருத்துவத்துக்குப் பின்னால் அம்புலிமாமா பழைய தொகுப்பு. வாண்டுமாமாவின் புத்தகம் ஒன்று எப்போதும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு ஒளித்து வைக்கிறார்கள். நூலகருக்கு எல்லாம் தெரியும். மாலை பூட்டும்போது அவர் ஒவ்வொன்றையும் எடுத்து உரிய இடத்தில் வைக்கிறார். டைனோசரை மட்டும் அங்கேயே விட்டுவிடுகிறார். “சார், இது தப்பில்லையா?” என்று கேட்டேன். “அந்தப் பையன் வாரம் மூணு நாள் வர்றதே இதுக்காகத்தாம்மா” என்றார்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் இருக்கிறார் என்பது நூலகவியலின் அடிப்படை விதிகளில் ஒன்று. அந்த ஐந்து விதிகளை 1931இல் புத்தகமாகத் தந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் முதலில் ஒரு கணக்கு வாத்தியார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆனந்தம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். வந்த புதிதில் ஆளில்லாத நூலகத்தில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மறுபடியும் வகுப்பறைக்கே போய்விட நினைத்தார். பிறகு லண்டன் போய்ப் படித்துத் திரும்பியவர், கடைசிவரை நூலகத் துறையை விடவே இல்லை. லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்திருக்கிறார். துண்டு துண்டாகக் கழற்றி வேறு வேறு விதமாகப் பூட்டலாம். புத்தகங்களை வகைப்படுத்துவதையும் இப்படிச் செய்தால் என்ன என்று அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் வகைப்பாட்டு முறை அப்படிப் பிறந்தது. ஒரு விளையாட்டுச் சாமானிலிருந்து! பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். “நிஜமாவா அக்கா?” என்று மூன்று தடவை கேட்பார்கள்.

எங்கள் நூலகத்துப் புத்தகங்களின் முதுகில் இருப்பது இன்னொரு வகைப்பாட்டு முறையான டூயியின் தசம எண். அந்த எண்கள்தான் எங்கள் ஐந்தாம், ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம். இதை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். விலங்குகள் அலமாரியில் இரண்டு புத்தகங்கள்: ஒன்றில் 591.47, இன்னொன்றில் 591.5. எது முதலில் வர வேண்டும்? கேட்ட மாத்திரத்தில் எல்லாரும் 591.5 தான் முதலில் என்பார்கள். காரணம் கேட்டால், “47 பெருசு, 5 சிறுசு.” முழு எண்ணில் சரியாக இருந்த விதி புள்ளிக்குப் பின்னால் காலை வாரிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிக் காட்டினாலும் இந்தப் பிழை போவதில்லை. ஏனென்றால் அங்கே தப்பாகப் போட்டால் குறைவது மதிப்பெண்தான். இங்கே தப்பாக அடுக்கினால் புத்தகமே காணாமல் போய்விடும்!

ஈர்க்குச்சியை எடுத்தோம். முழுக் குச்சி ஒன்று. அதைப் பத்துத் துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு. அந்தத் துண்டு ஒன்றை எடுத்து மறுபடியும் பத்தாக நறுக்கினால் நூறில் ஒரு பங்கு. கையில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பொடி. இப்போது .47 என்றால் என்ன? பாயில் நான்கு துண்டும் ஏழு பொடியும் வைத்தார்கள். .5க்கு? ஐந்து துண்டு. நிசப்தம். பிறகு ஒரு பெண் குழந்தை மெதுவாக, “பொடி எத்தனை இருந்தாலும் ஒரு துண்டு ஆகாதுக்கா, பத்து சேர்ந்தாத்தான் ஆகும்” என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. தசம எண்ணின் உயிர்நாடியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்! எழுந்து ஓடிப் போய் அலமாரியில் 591.47ஐ முன்னால் வைத்தாள். மற்றவர்கள் விடுவார்களா? அன்று மாலை விலங்குகள் அலமாரி முழுக்கப் புதிதாக அடுக்கப்பட்டது. பூட்டும் நேரம் தாண்டியும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

அடுக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. 591.5ஐத் தேடிப் போன கை அதற்குப் பக்கத்தில் இருக்கும் திமிங்கலப் புத்தகத்தைத் தொடுகிறது. தொட்ட கை அதை விரிக்கிறது. அப்புறம் கணக்காவது ஒன்றாவது! அங்கேயே அலமாரிக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் எழுப்ப மாட்டோம். வீட்டுப்பாடம் செய்யத்தான் பெற்றோர் அனுப்புகிறார்கள், அதையும் செய்துதான் அனுப்புகிறோம். ஆனால் டியூஷன் எடுக்க ஊரில் ஆயிரம் வீடு இருக்க, நூலகத்துக்கு ஏன் வர வேண்டும்? பாடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் பாடமில்லாத புத்தகம் இருப்பதற்காகத்தான். இதை நான் யாரோடு வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

எந்தப் புத்தகம் தன் அளவுக்குச் சரி என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வித்தை சொல்லித் தந்திருக்கிறோம். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். மாலையில் பாருங்கள், அலமாரிக்கு அலமாரி மடங்கிய விரல்களோடு பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காகக் கொடுக்கும் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களையும் கொண்டு வருவார்கள். 2023இல் தொடங்கிய அந்த இயக்கத்தில் புத்தகங்களுக்கு நான்கு படிகள்: நுழை, நட, ஓடு, பற. “அக்கா, நான் ஓடு முடிச்சுட்டேன், அடுத்து பற!” என்று கையை விரித்துக்கொண்டு பாயைச் சுற்றி ஓடுகிற காட்சியை நீங்கள் பார்க்க வேண்டுமே!

ஐந்தரைக்குச் சுண்டல். இது யாருடைய திட்டத்திலும் இருந்ததில்லை. நாளிதழ் படிக்க வருகிற ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், “பள்ளிக்கூடம் விட்டு நேரா வருதுங்கம்மா, வயிறு காஞ்சா எப்படிப் படிக்கும்?” என்று சொல்லிவிட்டு மறுநாள் ஒரு தூக்குவாளியோடு வந்தார். இப்போது வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் முறை வைத்துக்கொண்டு கொண்டு வருகிறார்கள். புத்தகம் இருக்கும் இடத்தில் சாப்பிடக் கூடாது என்பதால் வராந்தாவில்தான் பரிமாறுவது. கை கழுவிய பிறகுதான் மறுபடியும் உள்ளே. அந்தத் தாத்தா ஏழாம் வாய்ப்பாடு கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தில் போடுவார். தெரியாவிட்டாலும் போடுவார், “நாளைக்குச் சொல்லணும், என்ன?” என்பதோடு சரி.

ஆறரைக்குக் கடைசிக் கட்டம், முத்திரை! வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகிறவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தேதியை நூலகர் சீட்டில் குத்துவார். வாரம் ஒரு பிள்ளைக்கு அந்த உரிமை. மையில் ஒற்றி, நேராகப் பிடித்து, மேசை அதிரக் குத்த வேண்டும். முதல் முறை குத்துகிற பிள்ளையின் முகத்தை ஒரு மாவட்ட ஆட்சியர் பார்த்தால்கூட எழுந்து நிற்பார்.

இந்த நூலகங்களில் உங்கள் பங்கும் இருக்கிறது. உங்கள் சொத்து வரி ரசீதை ஒரு முறை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ரூபாய்க்கு 10 காசு. 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது; சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான். ரங்கநாதன் பல ஆண்டுகள் அதற்காகப் பாடுபட்டார். அதற்கும் முன்பே, 1931இல், மன்னார்குடிப் பக்கத்து ஊர்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போயிருக்கிறது. மணி கட்டிய மாடு, வண்டி நிறையப் புத்தகம், பின்னால் ஓடுகிற பிள்ளைகள் என்று கற்பனை செய்துகொள்வதே எனக்குக் கொண்டாட்டம். அப்படிப் பிள்ளைகளைத் தேடிப் பாடமும் போனது: கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கிற பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக் கொடுக்க ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் கிளம்பினார்கள், பெரும்பாலும் பெண்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் அந்தத் திட்டத்தில் பழகியவர்கள். ஈர்க்குச்சியும் எழுத்து வேட்டையும் அவர்கள் கொண்டு வந்த சொத்து.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவு பார்க்கப் பார்க்கத் திகட்டாதது. பிள்ளைகளைக் கட்டாயம் ஒரு தடவை கூட்டிப் போங்கள். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு நடந்து போகிற தூரத்தில் இருப்பது உங்கள் தெருமுனைக் கிளை நூலகம்தான். அங்கே மின்விசிறி சத்தம் போடும், அலமாரிக் கதவு சரியாக மூடாது. பரவாயில்லை.

வர வேண்டும் என்று தோன்றுகிறதா? நேரே போய் நூலகரைப் பாருங்கள். எந்த நாள், எத்தனை மணி என்று சொல்லுங்கள்; சொன்ன நாளில் வாருங்கள். பிள்ளைகள் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் கண்ணிலும் படும் கூடத்தில்தான் பாடம் நடக்க வேண்டும், பெற்றோர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு நோட்டில் இருக்க வேண்டும், இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் நாளே பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அழ. வள்ளியப்பா பாடல் புத்தகம் எல்லா நூலகத்திலும் இருக்கும். அதை எடுத்துச் சத்தமாகப் பாடுங்கள், பாய் தானாக நிரம்பும். ஒன்றை மட்டும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்: கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை.